குழந்தையின் அடி வெந்துபோகாமல் காப்பது எப்படி? டயப்பர் புண் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிராம சுகாதார செவிலியராக 31 ஆண்டுகள் வீடு வீடாக ஏறி இறங்கிவிட்டு ஓய்வு பெற்றேன். இப்போது சென்னையில் மகள் வீட்டில் 9 மாதப் பேத்தியைப் பார்த்துக்கொள்வதுதான் முழுநேர வேலை. மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போனால் ஒருத்தி கேட்கிறாள். லிப்டில் ஏறினால் இன்னொருத்தி கேட்கிறாள். அப்படி என்னிடம் வந்த கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதிவைத்திருக்கிறேன்.

டயப்பர் புண் ஏன் வருகிறது? கிருமியா, அலர்ஜியா, உடம்புச் சூடா?

பெரும்பாலான நேரம் இந்த மூன்றுமே இல்லை. தோல் ஊறிப்போவதில்தான் எல்லாம் தொடங்குகிறது. ஒரு வாளித் துணியைத் துவைத்து முடித்ததும் உங்கள் விரல் நுனியைப் பாருங்கள்: வெளுத்து, சுருங்கி, மெத்தென்று இருக்கும். அந்த விரலால் கொடிக்கயிற்றை இழுத்துக் கட்டினால் சட்டென்று தோல் உரியும். நனைந்த டயப்பருக்குள் குழந்தையின் தோலுக்கும் அதே கதிதான். ஊறிய தோல்மேல் டயப்பர் விளிம்பு உரசுகிறது. குழந்தை காலை உதைக்க உதைக்க இன்னும் உரசுகிறது.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. நல்ல தோல் இலேசான அமிலத் தன்மை கொண்டது. அதுவே அதற்குக் காவல். மூத்திரமும் மலமும் டயப்பருக்குள் கலக்கும்போது, மலத்தில் உள்ள பாக்டீரியாக்கள் மூத்திரத்தில் உள்ள யூரியாவை உடைத்து அம்மோனியாவாக்குகின்றன. அமிலத் தன்மை போய்க் காரத் தன்மை வந்துவிடுகிறது. அந்தக் காரத்தில்தான் மலத்தில் உள்ள செரிமான நொதிகள் முறுக்கேறுகின்றன. புரதத்தையும் கொழுப்பையும் செரிக்கவே உருவான நொதிகள் அவை. தோலும் புரதமும் கொழுப்பும்தானே! சோற்றைச் செரிக்க வேண்டியது தோலைச் செரிக்கத் தொடங்கிவிடுகிறது.

மூத்திரத்தின் அம்மோனியாதான் குற்றவாளி என்று 1920களிலிருந்து நெடுங்காலம் மருத்துவ உலகமே நம்பியது. 1980களில் நடந்த ஆய்வுகள்தான், அம்மோனியா நேரடியாகச் சுடுவதைவிட மலத்தின் நொதிகளை உசுப்பிவிடுவதே பெரிய கேடு என்று காட்டின. அதனால்தான் மூத்திரம் மட்டும் போன டயப்பருக்கும் மலம் கலந்த டயப்பருக்கும் நான் ஒரே சட்டம் வைப்பதில்லை.

உடம்புச் சூடு என்று பாட்டிமார் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. கத்திரி வெயிலில் டயப்பருக்குள் வியர்வையும் சேர்ந்துகொள்ளும், காற்றும் போகாது. ஆனால் அதற்கு வெந்தயத் தண்ணீரும் இளநீரும் கொடுத்துப் பயனில்லை. 6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு அவற்றைக் கொடுக்கவும் கூடாது; தாய்ப்பால் போதும்.

சுத்தமாகத்தான் வைத்திருக்கிறேன், ஆனாலும் வருகிறதே?

என்னிடம் கண் கலங்கி வரும் தாய்மார்களில் பாதிப் பேர் அளவுக்கு மீறிச் சுத்தம் செய்கிறவர்கள். ஒவ்வொரு முறையும் சோப்பு, ஆன்டிசெப்டிக் திரவம், பிறகு வைப்ஸ், பிறகு பவுடர். ஒரு நாளில் பத்து முறை இப்படிச் செய்தால் பெரியவர்களின் உள்ளங்கையே வெடித்துவிடும். புண் வந்தது அழுக்கினால் என்று நினைத்து, தேய்த்துத் தேய்த்தே அதைப் பெரிதாக்குகிறோம்.

கவனிக்க வேண்டியவை ஈரமும் நேரமும். எவ்வளவு ஈரம், எவ்வளவு நேரம் தோலோடு கிடந்தது என்ற கணக்கு சரியாக இருந்தால் மற்றது தானாகச் சரியாகும். குழந்தையின் அடி சிவந்திருக்கிறது என்றால் அது உங்கள் வளர்ப்பின் குறை இல்லை. டயப்பர் கட்டும் குழந்தைகளில் ஒரு முறையாவது இது வராத குழந்தையைக் காண்பது அரிது.

எந்த வயதில் அதிகம் வரும்?

பிறந்த மூன்று வாரத்துக்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் வரலாம். 9 முதல் 12 மாதம் வரை மிகுதி. அந்த வயதில்தான் திட உணவு சூடுபிடிக்கிறது, மலத்தின் தன்மை மாறுகிறது, குழந்தை நாளெல்லாம் உட்கார்ந்தும் தவழ்ந்தும் உரசுகிறது, இரவில் நீளமாகத் தூங்குகிறது. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தையின் மலத்தில் காரத் தன்மை குறைவு என்பதால் அந்தக் குழந்தைகளுக்குத் தொல்லையும் குறைவு.

துணி நல்லதா, கடையில் வாங்கும் டயப்பர் நல்லதா?

இந்தக் கேள்விக்கு "துணிதான்" என்று நான் சொல்வேன் என எதிர்பார்த்துத்தான் பலர் கேட்கிறார்கள். நான் அப்படிச் சொல்வதில்லை.

கடை டயப்பருக்குள் சோடியம் பாலிஅக்ரிலேட் என்ற பொடி இருக்கிறது. தன் எடையைப்போல் பல மடங்கு நீரை உறிஞ்சி, ஜவ்வரிசிக் கஞ்சிபோல் கெட்டியாகிப் பிடித்துக்கொள்ளும். அழுத்தினாலும் நீர் எளிதில் திரும்பி வராது. 1980களில் இந்தப் பொடி வந்த பிறகு டயப்பர் புண் முன்பைவிடக் குறைந்தது. ஈரம் தோலை விட்டு விலகி நிற்கிறது என்ற ஒரே கணக்கில் பார்த்தால், நனைந்த துணியைவிட நல்ல டயப்பர் மேல்.

ஆனால் துணிக்கு ஒரு பெரிய குணம் உண்டு. நனைந்ததும் குழந்தை அழும், தொட்டால் உங்களுக்கும் தெரியும், உடனே மாற்றுவீர்கள். டயப்பர் நனைந்தது யாருக்கும் தெரிவதில்லை. ஒன்று பத்துப் பன்னிரண்டு ரூபாய் ஆகிறதே, இன்னும் கொஞ்சம் தாங்கும் என்று விட்டுவைக்கிறோம். டயப்பரால் வரும் புண்ணில் பெரும்பங்கு இந்த "இன்னும் கொஞ்சம்" கணக்கினால் வருவதுதான்.

மிகவும் மோசம், துணியைக் கட்டி அதன்மேல் பிளாஸ்டிக் ஜட்டி மாட்டுவது. படுக்கை நனையாது, குழந்தை உள்ளே அவியும். இது பழைய கதை. 1940களில் அமெரிக்காவில் ரப்பர் ஜட்டிதான் வழக்கம். குழந்தைகளின் தோல் வெந்துபோவதைக் கண்டு சலித்த மரியன் டோனவன் என்ற தாய், குளியலறைத் திரைச்சீலையை வெட்டித் தைத்து ஒரு மேலுறை செய்தார். பிறகு பாராசூட் நைலானுக்கு மாறினார், ஊசிக்குப் பதில் பொத்தான் வைத்தார். 1951-இல் காப்புரிமையும் பெற்றார். இன்றைய டயப்பருக்கு அவரும் ஒரு முன்னோடி. நம் சந்தைகளில் அந்தப் பிளாஸ்டிக் ஜட்டி இன்னும் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

எங்கள் வீட்டில் பகலில் துணி, வெளியே போகும்போதும் இரவிலும் டயப்பர். பெரும்பாலான வீடுகளுக்கு இதுவே ஒத்துவரும் என்று நினைக்கிறேன்.

எத்தனை மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும்?

வெளிக்குப் போயிருந்தால் அந்த நிமிடமே. இதில் பேரமே இல்லை.

மூத்திரம் மட்டும் என்றால், பிறந்த குழந்தைக்கு 2 மணி நேரத்துக்கு ஒரு முறை. கொஞ்சம் வளர்ந்த பிறகு 3 முதல் 4 மணி நேரம். பச்சிளங்குழந்தை ஒரு நாளில் இருபது முறைகூட மூத்திரம் போகும். டயப்பர் பொட்டலத்தில் "12 மணி நேரம்" என்று போட்டிருப்பது கசியாமல் தாங்கும் கணக்கு. தோல் தாங்கும் கணக்கை யாரும் பொட்டலத்தில் அச்சடிப்பதில்லை.

சில டயப்பர்களின் வெளிப்பக்கத்தில் உள்ள மஞ்சள் கோடு நீலமாக மாறினால் நனைந்திருக்கிறது என்று பொருள். அதை மட்டும் நம்ப வேண்டாம். டயப்பரின் முன்பக்கத்தை இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள். பஞ்சுபோல் இருந்தால் சரி. களிபோல் கனத்திருந்தால் மாற்றுங்கள்.

இரவில் தூங்கும் குழந்தையை எழுப்பி மாற்ற வேண்டுமா?

புண் இல்லாத, மூத்திரம் மட்டும் போகும் குழந்தையை எழுப்ப வேண்டாம். தூக்கமும் வளர்ச்சிதான். படுக்கப்போகும் முன் புதிதாக மாற்றி, க்ரீமைக் கொஞ்சம் கூடுதலாகப் பூசுங்கள். பால் குடிக்க எழும்போது ஒரு முறை தொட்டுப் பாருங்கள். ஏற்கெனவே சிவந்திருந்தால் மட்டும், அது ஆறும்வரை, இரவில் ஒரு முறையாவது மாற்றிவிடுங்கள்.

எப்படித் துடைக்க வேண்டும்? படிப்படியாகச் சொல்லுங்கள்.

என் பேத்திக்கு நான் செய்வதைச் சொல்கிறேன். கை கழுவிக்கொண்டு, கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர், கிழித்து வைத்த பழைய வேட்டித் துண்டுகள் நாலைந்து, புது டயப்பர் எல்லாவற்றையும் கை எட்டும் தூரத்தில் வைத்துக்கொள்வேன். பிறகுதான் பழையதைப் பிரிப்பேன். பிரித்துப் போட்டுவிட்டுத் துண்டைத் தேடி ஓடினால் குழந்தை கட்டிலிலிருந்து உருண்டுவிடும்.

பழைய டயப்பரின் முன்பக்கத்தாலேயே பெரும்பகுதி மலத்தை மேலிருந்து கீழாக வழித்துவிட்டு, அதை அப்படியே மடித்து அடியில் விடுவேன். இரண்டு கணுக்கால்களையும் ஒரு கையால் பிடித்து இலேசாகத் தூக்கி, நனைத்த துணியால் முன்னிருந்து பின்னாகத் துடைப்பேன். பெண் குழந்தைக்கு இந்தத் திசை மாறவே கூடாது. பின்னாலிருந்து முன்னுக்கு வந்தால் கிருமி மூத்திரப் பாதைக்குப் போய்விடும். ஆண் குழந்தைக்கு முன்தோலைப் பின்னுக்குத் தள்ளிச் சுத்தம் செய்யக் கூடாது.

மலம் காய்ந்து ஒட்டியிருந்தால் சுரண்ட வேண்டாம். நனைத்த துணியை அதன்மேல் ஒரு நிமிடம் போட்டுவையுங்கள், ஊறிக் கழன்றுவிடும். சோப்பு ஒவ்வொரு முறையும் தேவையில்லை. குளிப்பாட்டும்போது போட்டால் போதும்.

அடுத்தது உலர்த்துவது. அவசரத்தில் இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். தொடை மடிப்பை விரலால் விரித்து உள்ளேயும் ஒற்றுங்கள். பிறகு இரண்டு மூன்று நிமிடம் காலை ஆட்டிக்கொண்டு சும்மா கிடக்கட்டும். ஈரத் தோலுக்கு மேல் டயப்பரை ஒட்டினால் இதுவரை செய்ததெல்லாம் வீண்.

கட்டும்போது இடுப்பில் உங்கள் விரல் இரண்டு உள்ளே போக வேண்டும். தொடையில் எலாஸ்டிக் தடம் பதிந்திருந்தால் அடுத்த அளவுக்கு மாறும் காலம் வந்துவிட்டது.

வெட் வைப்ஸ் பயன்படுத்தலாமா?

வெளியே போகும்போது பயன்படுத்தலாம். வாசனையும் ஆல்கஹாலும் சேராததாகப் பார்த்து வாங்குங்கள். புண் இருக்கும்போது சிலவகை வைப்ஸ் எரியும். குழந்தை துடைத்ததும் வீறிட்டால் தண்ணீருக்கு மாறிவிடுங்கள். வீட்டில் இருக்கும்போது குழாய்த் தண்ணீர் இருக்க வைப்ஸ் எதற்கு?

பவுடர் போட்டால் உலர்வாக இருக்காதா?

இருக்காது. ஈரத்தோடு சேர்ந்ததும் பவுடர் தொடை மடிப்பில் திரித்திரியாக உருண்டு, அதுவே உரசும். அதைவிடப் பெரிய பயம் மூச்சு. தட்டும்போது எழும் தூசியைக் குழந்தை இழுத்துவிட்டால் நுரையீரலுக்குக் கேடு. டால்கம் பவுடரைக் குழந்தைகளுக்குப் போட வேண்டாம் என்றே குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். போரிக் அமிலம் சேர்ந்த பொடி வீட்டில் இருந்தால் தூக்கி எறியுங்கள். அது புண்பட்ட தோல் வழியாக உடம்புக்குள் போய் நஞ்சாகும். சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்துக் கழுவும் யோசனையும் வேண்டாம்.

குளித்த குழந்தை பவுடர் மணக்கத்தான் வேண்டும் என்பது நம் ஊரில் ஒரு பாசம். அந்த மணத்தை விட்டுக்கொடுக்க எனக்கே சில காலம் பிடித்தது.

க்ரீம் எது வாங்குவது? எவ்வளவு பூசுவது?

பொட்டலத்தில் இரண்டு சொற்களைத் தேடுங்கள்: ஜிங்க் ஆக்சைடு அல்லது பெட்ரோலியம் ஜெல்லி. வாசனை இல்லாததாக இருக்கட்டும். விலை கூடியதால் கூடுதல் குணம் வந்துவிடாது. நன்றாக இருக்கும் தோலுக்குப் பெட்ரோலியம் ஜெல்லி போதும். சிவக்கத் தொடங்கினால் ஜிங்க் ஆக்சைடு கெட்டிப் பசை.

முகத்துக்கு ஸ்னோ பூசுவதுபோல் தடவித் தேய்த்து உள்ளே இறக்கக் கூடாது. இது தோலுக்குள் போய் வேலை செய்யும் மருந்தில்லை. வெளியே நின்று தடுக்கும் சுவர். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்ததுபோல், கீழே உள்ள தோல் தெரியாத அளவு பட்டையாக இருக்க வேண்டும்.

அடுத்த முறை மாற்றும்போது அந்தப் பசையை முழுவதும் சுரண்டி எடுக்கவே கூடாது. மலம் பட்ட மேல்படலத்தை மட்டும் ஒற்றி எடுத்துவிட்டு, அதன்மேலேயே புதிதாகப் பூசுங்கள். முழுவதும் எடுக்க வேண்டுமென்றால் பஞ்சில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் வழுக்கிக்கொண்டு வரும். துணி கட்டுகிறவர்களுக்கு ஒன்று: கெட்டிப் பசை துணியில் ஏறினால் துணி ஈரம் குடிக்காது. உள்ளே ஒரு மெல்லிய பழந்துணியைப் போட்டு அதை மட்டும் தனியே துவையுங்கள்.

தேங்காய் எண்ணெய், மஞ்சள், தாய்ப்பால்: எது சரி, எது தவறு?

தேங்காய் எண்ணெய் நல்லதே. காற்றாட விடும் நேரத்தில் மெல்லியதாகத் தடவலாம். ஆனால் அது இலேசான வேலி. பேதி போகும் குழந்தைக்கு அந்த வேலி போதாது. கடுகு எண்ணெயும் ஆலிவ் எண்ணெயும் குழந்தையின் தோலுக்கு ஒத்தவை அல்ல.

தாய்ப்பால் சில துளிகள் தடவி உலர விடுவதால் கெடுதல் இல்லை. சில சிறிய ஆய்வுகளில் நல்ல பலனும் தெரிந்தது. வெறும் சிவப்புக்கு முயன்று பார்க்கலாம்.

மஞ்சள், வசம்பு, நலங்கு மாவு, பாசிப்பயறு மாவு இவற்றைப் புண்ணில் போட வேண்டாம். எவ்வளவு சலித்தாலும் மாவு மாவுதான். உரிந்த தோலில் அது உப்புத்தாள். குளித்ததும் சாம்பிராணிப் புகையில் அடியைக் காட்டி உலர்த்தும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் உண்டு. அந்தப் புகை குழந்தையின் மூச்சுக்கு ஆகாது. மின்விசிறிக் காற்று போதும்.

மருந்துக் கடையில் ஒரு ட்யூப் கொடுத்தார்கள். இரண்டே நாளில் மறைந்துவிட்டது. அதையே எப்போதும் போடலாமா?

அந்த ட்யூபை எடுத்து வந்து எழுத்துக்கூட்டிப் படியுங்கள். க்ளோபிட்டசால், பீட்டாமெத்தசோன் என்று ஏதாவது தெரிகிறதா? இருந்தால் அது ஸ்டீராய்டு. பெரும்பாலும் அதோடு ஒரு பூஞ்சை மருந்து, ஒரு ஆன்டிபயாடிக் என்று மூன்றையும் ஒரே ட்யூபில் அடைத்திருப்பார்கள். சிவப்பு மாயமாய் மறையும்; யாருக்கும் ஆசை வரும்.

எனக்கு நல்ல கோபம் வருவது இந்த இடத்தில்தான். டயப்பர் மூடிய இடத்தில் மருந்து இயல்பைவிட அதிகமாக உடம்புக்குள் இறங்கும். பச்சைக் குழந்தையின் தோலோ வெற்றிலைபோல் மெல்லியது. தொடர்ந்து போட்டால் தோல் இன்னும் மெலியும், வரி விழும், நிறுத்தியதும் புண் முன்பைவிட மூர்க்கமாகத் திரும்பும், சில குழந்தைகளுக்கு உடம்பின் ஹார்மோன் சமநிலையே குலையும். ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018-இல் மத்திய அரசு விதியை இறுக்கியது. விதி இருந்தும் "குழந்தைக்குச் சிவந்திருக்கிறது" என்று கேட்டதும் எடுத்து நீட்டும் கடைகள் இருக்கின்றன.

மருத்துவர் பார்த்து, வீரியம் குறைந்த ஹைட்ரோகார்ட்டிசோனைச் சில நாளுக்கு எழுதித் தந்தால் அது வேறு. சொன்ன நாளோடு நிறுத்திவிடுங்கள். மீதி ட்யூபைப் பக்கத்து வீட்டுக்குத் தானம் செய்யாதீர்கள்.

மூன்று நாள் க்ரீம் போட்டும் போகவில்லை. மடிப்புக்குள்ளும் சிவந்திருக்கிறதே?

அப்படியென்றால் பூஞ்சை சேர்ந்துவிட்டது என்று சந்தேகப்பட வேண்டும். சாதாரண டயப்பர் புண் மேடான இடங்களில் வரும்: பிட்டம், உள்தொடை, அடிவயிறு. மடிப்பின் குழியில் தோலோடு தோல் ஒட்டிக்கிடப்பதால் அங்கே மலம் அதிகம் படாது, பெரும்பாலும் அது தப்பிவிடும். பூஞ்சையோ மடிப்பையே தேடிப்போய் உட்காரும். இரத்தச் சிவப்பாக இருக்கும். பெரிய சிவப்புத் திட்டின் ஓரத்தைச் சுற்றிக் குட்டிக் குட்டிச் சிவப்புப் பொட்டுகள் சிதறிக்கிடக்கும். வாயையும் திறந்து பாருங்கள். நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் தயிர் ஒட்டியதுபோல் துடைத்தாலும் போகாத வெள்ளைப் படலம் இருந்தால் அதுவும் அதே பூஞ்சைதான்.

இதற்கு வெறும் ஜிங்க் பசை போதாது. க்ளோட்ரிமசோல், நிஸ்டாட்டின் போன்ற பூஞ்சை மருந்தை மருத்துவர் எழுதித் தருவார். மருந்தை முதலில் மெல்லியதாகத் தடவி, அதன்மேல் ஜிங்க் பசை. வரிசை மாறினால் மருந்து தோலைத் தொடாது.

சளிக்கு ஆன்டிபயாடிக் கொடுத்த அடுத்த வாரத்தில் இந்தப் பூஞ்சை தலைகாட்டுவது மிகச் சாதாரணம். மருந்து நல்ல பாக்டீரியாவையும் சேர்த்து அழித்துவிடுவதால் பூஞ்சைக்குக் காலி மனை கிடைத்துவிடுகிறது. குழந்தைக்கு ஆன்டிபயாடிக் தொடங்கும் அன்றே அடிக்குப் பசை பூசவும் தொடங்கிவிடுங்கள்.

பேதி வரும்போது எப்படிக் காப்பாற்றுவது?

பேதி மலத்தில் நொதிகள் கூடுதலாக இருக்கும். அரை மணி நேரம் கிடந்தாலே அடி வெந்துவிடும். சிவப்பு வரும்வரை காத்திருக்காமல், முதல் பேதியிலேயே கெட்டிப் பசை பூசுங்கள். ஒவ்வொரு முறையும் துடைப்பதைவிடக் குவளையால் வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றிக் கழுவி ஒற்றுவது நல்லது. முடிந்த நேரமெல்லாம் டயப்பர் இல்லாமல் விடுங்கள்.

வயிற்றுக்கு ஓஆர்எஸ் கரைசலும் ஜிங்க் மருந்தும். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. ஜிங்க் 6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு நாளுக்கு 10 மி.கி., அதற்கு மேல் 20 மி.கி., 10 முதல் 14 நாள் என்பது உலக சுகாதார நிறுவனம் நெடுங்காலம் சொல்லிவந்த அளவு; உங்கள் குழந்தைக்கு எவ்வளவு என்பதை மருத்துவரிடம் கேளுங்கள். பேதி நின்றதும் மருந்தையும் நிறுத்திவிடும் வீடுகள்தான் அதிகம். முழு நாளும் கொடுக்க வேண்டும். மேலே பூசும் ஜிங்கும் உள்ளே கொடுக்கும் ஜிங்கும் ஒன்றுக்கொன்று மாற்றில்லை. இதை நான் விளையாட்டாக எழுதவில்லை. பூசுவதால் உள்ளே கொடுக்க வேண்டாமே என்று ஒருவர் என்னிடம் கேட்டிருக்கிறார்.

பல் முளைக்கும்போது பேதியும் புண்ணும் வருமா?

பல் முளைப்பு பேதியைக் கொண்டுவராது. அந்த வயதில் கையில் கிடைப்பதையெல்லாம் வாயில் வைக்கிறது குழந்தை. பேதி அந்த வழியாக வருகிறது.

சாப்பாட்டில் எதையாவது நிறுத்த வேண்டுமா?

ராகிக் கூழ், இட்லி, பருப்பு சாதம் எதையும் நிறுத்த வேண்டாம். ஆரஞ்சு, சாத்துக்குடி, தக்காளி போன்ற புளிப்பானவை சில குழந்தைகளுக்கு மலத்தை எரிச்சலாக்கும். புதிய உணவை ஒவ்வொன்றாக, இரண்டு மூன்று நாள் இடைவெளியில் கொடுத்தால் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

துணி நாப்கினை எப்படித் துவைப்பது? மழைக்காலத்தில் காயவே மாட்டேன் என்கிறதே?

மலத்தை முதலில் ஓடும் தண்ணீரில் அலசிவிட்டு, மற்றத் துணிகளோடு கலக்காமல், வாசனையில்லாத சோப்பில் துவையுங்கள். துவைப்பதைவிட அலசுவதில் கவனம் வேண்டும். அலசிய தண்ணீரில் நுரை நிற்கும்வரை துணியில் சோப்பு இருக்கிறது. குழந்தை மூத்திரம் போனதும் அந்தச் சோப்பு மீண்டும் கரைந்து தோலைச் சுடும். குறைந்தது மூன்று அலசல். கடைசித் தண்ணீரில் ஆன்டிசெப்டிக் மூடி நிறைய ஊற்றுவது, மணத்துக்காக மென்மையாக்கும் திரவம் ஊற்றுவது இரண்டும் வேண்டாம். இரண்டாவதைப் போட்டால் துணி ஈரத்தையும் குடிக்காது.

வெயிலில் காயவைத்த துணிக்கு ஈடில்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அது நடக்காது. வீட்டுக்குள் கொடி கட்டி விசிறியில் காயவைத்து, கடைசியில் இஸ்திரி போடுங்கள். தொட்டால் சில்லென்று இருக்கும் துணி காய்ந்த துணியில்லை. கன்னத்தில் வைத்துப் பாருங்கள், தெரியும். அந்த மாதங்களில் குழந்தைக்கு இரண்டு டஜன் துணியாவது வேண்டும். 2015 முதல் அரசு மருத்துவமனைகளில் பிறந்த குழந்தைகளுக்குத் தந்த பரிசுப் பெட்டகத்தில் நாப்கினும் கை கழுவும் திரவமும் இருந்தன. பல வீடுகளில் அந்த நாப்கின் பிரிக்காமல் பீரோவில் "நல்ல நாளுக்கு" இருந்ததைப் பார்த்திருக்கிறேன். டயப்பர் கட்டும் வயதில் குழந்தைக்கு எல்லா நாளும் நல்ல நாள்தான், எடுத்துக் கட்டுங்கள் என்பேன்.

அரைஞாண் கயிறு கட்டலாமா?

கட்டுவது உங்கள் விருப்பம். ஆனால் டயப்பர் விளிம்புக்கு அடியில் மாட்டிக்கொண்ட கறுப்புக் கயிறு நாளெல்லாம் ஈரமாகவே இருந்து இடுப்பைச் சுற்றி அறுக்கும். மாற்றும்போதெல்லாம் மேலே இழுத்துவிட்டு, கயிற்றையும் துடையுங்கள். குழந்தை வளர வளர இறுகுகிறதா என்றும் பாருங்கள்.

டயப்பர் இல்லாமல் எவ்வளவு நேரம் விட வேண்டும்?

எவ்வளவு முடியுமோ அவ்வளவு. பகலில் அரை மணி நேரம் வீதம் இரண்டு மூன்று முறை என்றால் மிக நன்று. பாயில் ரப்பர் விரிப்பு, அதன்மேல் பழைய சேலை மடிப்பு, அதில் குப்புறப் போட்டு நீங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள். வெளிக்குப் போய் முடித்த பிறகான அரை மணி நேரம் ஓரளவு பத்திரமானது. இந்த வைத்தியத்துக்குச் செலவு ஒரு சேலை துவைக்கும் வேலைதான். எந்தக் களிம்பும் இதற்கு இணையில்லை. நம் ஊரில் ஒரு தலைமுறைக்கு முன்வரை குழந்தைகள் பகலெல்லாம் இப்படித்தான் திரிந்தன.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

காய்ச்சல் சேர்ந்தால், கொப்புளம், சீழ், இரத்தம், குழிப்புண் இவற்றில் எது தெரிந்தாலும் அன்றே. ஒழுங்காகப் பசை பூசியும் இரண்டு மூன்று நாளில் குறையாவிட்டால், டயப்பர் எல்லையைத் தாண்டி வயிறு, முதுகு என்று பரவினால், மூத்திரம் போகும்போது வீறிட்டு அழுதால் தள்ளிப்போட வேண்டாம். பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத குழந்தைக்கு எந்தப் புண்ணாக இருந்தாலும் காட்டிவிடுங்கள்.

இரண்டு அடையாளங்கள் பலருக்குத் தெரியாது. ஆசனவாயைச் சுற்றி மட்டும் வட்டம் வரைந்ததுபோல் சுள்ளென்ற சிவப்பு, வெளிக்குப் போகும்போது வலி என்றால் அது பாக்டீரியாத் தொற்றாக இருக்கலாம். அதற்கு உள்ளே கொடுக்கும் மருந்து தேவை. அடியில் உள்ளதுபோலவே வாயைச் சுற்றியும் விரல்களிலும் புண், கூடவே பேதி, முடி உதிர்வு என்றால் உடம்பில் ஜிங்க் சத்தே குறைந்திருக்கலாம். அரிது, ஆனால் சாதாரணப் புண் என்று மாதக்கணக்கில் பூசிக்கொண்டிருக்கக் கூடாதது.

படுக்கையில் இருக்கும் மாமனாருக்கும் இதே முறைதானா?

ஏறக்குறைய இதேதான். ஈரம், நேரம், ஜிங்க் பசை எல்லாம் பொருந்தும். கூடுதலாக அவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். இல்லையென்றால் படுக்கைப் புண் வந்துவிடும். குழந்தையிடம் காட்டும் அதே முகத்தோடு அவருக்கும் மாற்றிவிடுங்கள்.

இரவு ரயிலில் ஊருக்குப் போகிறோம். என்னென்ன எடுத்துக்கொள்ள வேண்டும்?

இதில் நான் சூடுபட்டவள். போன தை மாதம் திருநெல்வேலிக்கு இரவு ரயில். பேத்தியின் டயப்பர் பையைப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியைச் சீட்டுக்கு அடியில் தள்ளி, அதற்கு முன்னால் மற்றவர்களின் மூட்டைகளும் வந்து சேர்ந்துவிட்டன. விளக்கை அணைத்துவிட்டார்கள். எல்லோரையும் எழுப்பி இழுக்க வேண்டுமே, குழந்தையும் தூங்குகிறதே, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். நடுவில் எப்போதோ வெளிக்குப் போயிருக்கிறது. காலையில் பிரித்தால் பிட்டம் முழுவதும் தக்காளித் தோல்போல் பளபளவென்று சிவந்திருந்தது. 31 ஆண்டுகள் ஊருக்கெல்லாம் சொன்னவள்! மகள் ஒன்றும் சொல்லவில்லை. ஜிங்க் பசை ட்யூபை மட்டும் எடுத்து என் கையில் வைத்தாள். ஆற நான்கு நாளானது.

இப்போது தோளில் தொங்கும் பை தனி. பயண நேரத்தை மூன்றால் வகுத்து வரும் எண்ணிக்கையில் டயப்பர், அதற்கு மேல் இரண்டு. வைப்ஸ், ஜிங்க் பசை, விரித்துப் போட ஒரு பழஞ்சேலைத் துண்டு, நனைந்ததைப் போட நாலைந்து காகிதப் பையும் பிளாஸ்டிக் பையும், மாற்று ஜட்டி இரண்டு, ஒரு சின்ன டார்ச். படுக்கும் முன் அந்தப் பையைத் தலைமாட்டில் வைத்து, அதன் வாரை மணிக்கட்டில் சுற்றிக்கொள்கிறேன்.